கழட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க: பழைய வண்டி கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் படிக்கும்போது ஒண்ணு தெரியுது, பழைய கார் வச்சிருக்கவங்க இப்ப தனித்தனியா கெடந்து தவிக்காம நாலஞ்சு பேரா சேந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்களே தொட ஆரம்பிச்சிருக்காங்க. மனசுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு. அதனால இந்த தடவ பெயின்ட், சீட்டு, குரோம் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சாச்சு, எண்ணெய்க் கை கேள்விக்கு மட்டும்தான் பதில்.

கேள்வி: எங்கப்பா ஓட்டின 1960 மோரிஸ் மைனர் 1000. மாமா வீட்டு போர்ச்சுல பல வருஷமா சும்மா நின்னுச்சு. இப்ப எஞ்சின் சுத்தவே மாட்டேங்குது. நாங்க அஞ்சு பேரு, வர்ற சனிக்கிழமை எஞ்சினை எறக்கிப் பிரிச்சிடலாம்னு பேசி வச்சிருக்கோம். எங்கேர்ந்து ஆரம்பிக்கணும் அண்ணே? (யீஷூன் வாசகர்)

தம்பி, சனிக்கிழமை எஞ்சினை எறக்காதீங்க. சேந்து வேலை பாக்கற குரூப்புக்கெல்லாம் நான் சொல்றது இது ஒண்ணுதான், கழட்டுறதுக்கு முன்னாடி பாருங்க, அளந்துக்குங்க, எழுதி வைங்க. ஸ்பேனர் கையில வந்துட்டா எல்லாருக்கும் ஒரு வேகம் வந்துடும், அஞ்சு பேரு அஞ்சு பக்கம் கழட்டுவாங்க, சாயங்காலம் பாத்தா தரையெல்லாம் நட்டு போல்ட்டு, எது எங்க இருந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா பிரிச்சதுக்கப்புறம் எந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன் (காத்தை அமுக்கற பலம்) கம்மின்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த சேதி போனா போனதுதான்.

உங்க வண்டியில இருக்கறது 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். ரொம்ப பொறுமையான எஞ்சின் அது, நின்னு போய் இறுகிட்டாலும் பெரும்பாலும் திரும்பி வரும். வண்டியை நிறுத்தும்போது ஏதாவது ஒரு சிலிண்டர்ல வால்வு தொறந்துதான் இருக்கும், அது வழியா ஈரக்காத்து உள்ள போகும், நம்ம சிங்கப்பூர்ல விடியக்காலையில ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிடும்னு உங்களுக்கே தெரியும், அந்த ஈரத்துல பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட துரு புடிச்சு ஒட்டிக்கும். அவ்வளவுதான் விஷயம். அதை ஸ்டார்ட்டரைப் போட்டு முரட்டுத்தனமா திருப்புனா ரிங் ஒடையும், இல்லன்னா ஸ்டார்ட்டர் பல்லு போகும்.

மொதல்ல பேட்டரி வயரைக் கழட்டுங்க. அப்படியே அதுல எந்தப் பக்கம் பாடிக்குப் போகுதுன்னு பாத்துக்குங்க, மோரிஸ் மைனர்ல பாசிட்டிவ்தான் எர்த், இப்ப வர்ற கார் மாதிரி நெகட்டிவ் இல்ல. யாராவது பழக்க தோஷத்துல மாத்திக் குடுத்துட்டா டைனமோ கதை முடிஞ்சுது. அப்புறம் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி வரிசையா வைங்க, நாலோட மூஞ்சியையும் போட்டோ எடுத்துக்குங்க, கருப்பா எண்ணெயா இருக்கா, வெள்ளையா காஞ்சிருக்கா, துருவா இருக்கான்னு பிளக்கே பாதிக் கதை சொல்லிடும். எஞ்சின் ஆயிலை எறக்குங்க, முன்னாடி தண்ணி வந்து அப்புறம் ஆயில் வந்தா அது வேற கதை, ஹெட் கேஸ்கெட்டோ (எஞ்சின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கற தகடு) பிளாக்கோ போயிருக்கலாம், நல்லா பாத்துக்குங்க. பிளக் ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டர்லயும் துரு எளக்கற எண்ணெயை ஊத்துங்க. கடையில வாங்குறதும் நல்லாத்தான் இருக்கும், அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்தற ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துறவங்களும் உண்டு, ஆனா அசிட்டோன் பக்குன்னு புடிக்கும், பக்கத்துல சிகரெட்டு கிகரெட்டு வேண்டாம். ஊத்திட்டு விட்டுடுங்க. ஒரு வாரம் கெடக்கட்டும், நடுவுல போய் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.

அடுத்த சனிக்கிழமை வால்வுக்கு மேல மூடியா இருக்கற ராக்கர் கவரைத் தொறந்து வால்வு எதுவும் சிக்கி நிக்குதான்னு பாருங்க, சிக்கின வால்வோட எஞ்சினை சுத்துனா புஷ்ராட் (வால்வை அமுக்கறதுக்குத் தள்ளிக் குடுக்கற கம்பி) வளைஞ்சிடும். எல்லாம் சரியா இருந்தா கியரை நியூட்ரல்ல போட்டுட்டு முன்னாடி ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி முன்னும் பின்னுமா மெதுவா ஆட்டுங்க. சுத்தணும்னு நெனைக்காதீங்க, ஆடுனா போதும். ஒரு நூலிழை அசைஞ்சாலும் வந்துடும். சுத்த ஆரம்பிச்சதும் புது ஆயில் ஊத்தி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டர்ல சுத்தி ஆயில் பிரஷர் வருதான்னு பாருங்க, அப்புறம் கம்ப்ரஷன் கேஜ். நாலு பிளக்கும் வெளிய இருக்கணும், ஆக்ஸிலரேட்டர் முழுசா அமுக்கி இருக்கணும், ஒவ்வொரு சிலிண்டரையும் எழுதிக்குங்க. ஒண்ணு கம்மியா வந்தா அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊத்தி மறுபடி அளங்க. ஏறுச்சுன்னா ரிங் பிரச்சனை, ஏறலைன்னா வால்வு பக்கம் பாருங்க, பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்தாப்புல கம்மியா இருந்தா நடுவுல கேஸ்கெட் போயிருக்கும். இதெல்லாம் தெரிஞ்சதுக்கப்புறம் எஞ்சினை எறக்கணுமா, ஹெட்டை மட்டும் தூக்குனா போதுமான்னு முடிவு பண்ணுங்க. பல தடவ ஹெட்டோட முடிஞ்சிடும் தம்பி.

ஹெட்டைத் தூக்கறதா இருந்தா தண்ணியை எறக்கிட்டு, எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமா எளக்குங்க, ஒண்ணை முழுசா கழட்டிட்டு அடுத்ததுக்குப் போனா ஹெட் வளையும். புஷ்ராடை உருவும்போது நேரா இழுக்காம லேசா திருகி இழுங்க, இல்லன்னா எண்ணெய் உறிஞ்சலுக்கு கீழ அதைத் தாங்கி நிக்கற டேப்பெட்டும் கூடவே கிளம்பி எசகுபிசகா விழுந்துடும். எட்டு புஷ்ராடையும் ஒரு அட்டைப் பெட்டியில எட்டு ஓட்டை போட்டு நம்பர் எழுதி குத்தி வைங்க, எது எங்க ஓடித் தேஞ்சுதோ அங்கேயேதான் திரும்பப் போகணும். மாட்டும்போது நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா டார்க் ரென்ச் வச்சு 40 பவுண்ட்-அடிக்குப் படிப்படியா.

வால்வு கேப் (இடைவெளி) வைக்கற வேலையிலதான் குரூப்போட அருமை தெரியும். இந்த எஞ்சினுக்கு எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.012 இன்ச். எட்டு வால்வு இருக்கறதால கூட்டினா ஒம்போது வரணும்ங்கறது கணக்கு: ஒண்ணாம் வால்வு முழுசா அமுங்கியிருக்கும்போது எட்டாவதை வைக்கணும், ரெண்டாவது அமுங்குனா ஏழாவது, மூணாவதுன்னா ஆறாவது, அப்படியே. ஒருத்தர் ஹேண்டில்ல சுத்துவாரு, ஒருத்தர் "மூணு அமுங்கிடுச்சு"ன்னு சத்தம் குடுப்பாரு, உடனே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) வச்சிருக்கவர் ஆறாவதுக்குப் போவாரு, கேஜ் ராக்கருக்குக் கீழ லேசா புடிச்சு இழுக்கற மாதிரி போகணும், தொளதொளன்னும் போகக்கூடாது, தள்ளியும் நொழைக்கக்கூடாது, நாலாவது ஆள் பழைய கேப் எவ்வளவு இருந்துச்சு புதுசு எவ்வளவுன்னு நோட்டுல எழுதுவாரு. அந்த நோட்டு வண்டியோடயே இருக்கணும்.

கேள்வி: 60கள்ல வந்த பிரிட்டிஷ் கார். ரெண்டாவது கியர் போட்டா கரகரன்னு கத்துது. கியர்பாக்ஸை எறக்கிடலாம்னு நண்பர்கள் சொல்றாங்க. எறக்கலாமா? (தோ பாயோ வாசகர்)

எறக்கறதுக்கு முன்னாடி கிளட்ச்சைப் பாருங்க. எஞ்சின் ஓடிட்டிருக்கட்டும், கிளட்ச்சை முழுசா அமுக்கிட்டு கொஞ்ச நேரம் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் கத்துனா கியர்பாக்ஸ் பாவம், அது ஒண்ணும் பண்ணல, கிளட்ச்தான் முழுசா விடல. ரொம்ப நாள் நின்ன வண்டியில கிளட்ச் பிளேட் ஈரத்துல ஃப்ளைவீல்லயே ஒட்டிக்கறது நம்ம ஊர்ல சகஜம். இல்லன்னா லிங்கேஜ் அட்ஜஸ்ட்மென்ட், இல்லன்னா ஹைட்ராலிக் பக்கம் ஆயில் ஒழுகியிருக்கும். இதுக்காகப் போய் கியர்பாக்ஸை எறக்கினவங்க நெறைய பேரு.

ரிவர்ஸ் சத்தமில்லாம விழுந்து ரெண்டாவது மட்டும் கத்துதுன்னா அப்பதான் சின்க்ரோ ரிங்கை சந்தேகப்படணும். அது பித்தளையில செஞ்ச ஒரு கூம்பு வளையம், கியர் போடும்போது ரெண்டு பக்க வேகத்தையும் ஒண்ணா கொண்டாறதுக்கு உரசிக் குடுக்கற வேலை அதுக்கு. இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, என்ன கியர் ஆயில் ஊத்தியிருக்கீங்கன்னு பாருங்க. கடைக்காரர் "இது ஒசத்தி"ன்னு ஜிஎல்-5ங்கற தரத்து ஆயிலைக் குடுத்திருப்பாரு, ஆனா அதுல அழுத்தத்துக்காக சேக்கற கந்தகச் சரக்கு பல ஆயில்கள்ல பித்தளையை அரிக்கும். பழைய கியர்பாக்ஸுக்கு கம்பெனி புத்தகம் என்ன சொல்லுதோ அதை ஊத்துங்க, சிலதுக்கு ஜிஎல்-4, மோரிஸ் மைனர் மாதிரி சிலதுக்கு சாதாரண எஞ்சின் ஆயிலே போதும்னு போட்டிருப்பாங்க. ஆயிலை மாத்திட்டு கொஞ்சம் ஓட்டிப் பாருங்க. அப்புறம், அந்தக் காலத்து வண்டி நெறையவுல ஒண்ணாவது கியருக்கு சின்க்ரோவே கெடையாது, ஓடும்போது ஒண்ணுக்கு மாத்துனா கத்தத்தான் செய்யும், அதை ரிப்பேர்னு நெனச்சிடாதீங்க, டபுள் கிளட்ச் (நியூட்ரல்ல கிளட்ச்சை ஒரு தடவ விட்டுட்டு, மறுபடி அமுக்கி கியர் மாத்தறது) பழகுங்க.

கடைசியா எறக்கியே ஆகணும்னா ரெண்டு எச்சரிக்கை. கியர் தண்டு லாக் பண்ற சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் கவரைத் தொறந்ததும் துள்ளிப் பறக்கும், மேல துணியைப் போட்டு மூடிட்டு தொறங்க. லேஷாஃப்ட்டை (கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற துணைத் தண்டு) உருவுனா உள்ள இருக்கற ஊசி ரோலரெல்லாம் பொலபொலன்னு கொட்டும், அதுக்கு அதே தடிமன்ல கொஞ்சம் குட்டையா ஒரு கம்பியைக் கடைஞ்சு வச்சு, அதைத் தள்ளிக்கிட்டே நெஜ ஷாஃப்ட்டை எடுத்தீங்கன்னா ரோலர் அங்கேயே நிக்கும். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவி ஒட்ட வைக்கணும். ஒரு ரோலர் கொறைஞ்சாலும் மூடாதீங்க. எண்ணுங்க, இன்னொருத்தர் மறுபடி எண்ணட்டும்.

கேள்வி: எம்ஜி டிடி ஒண்ணு குரூப்ல இருக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரும் சரியா உக்கார மாட்டேங்குது, இன்ச் ஸ்பேனரும் உக்கார மாட்டேங்குது, ஆனா போல்ட்டுல மறை மட்டும் மில்லிமீட்டர் மாதிரி இருக்கு. யாராவது மாத்தி வச்சிட்டாங்களா? (பிடோக் வாசகர்)

யாரும் மாத்தல, பொறக்கும்போதே அப்படித்தான்! அந்த வண்டியோட எக்ஸ்பிஏஜி எஞ்சின்ல மறை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த்ங்கற பழைய பிரிட்டிஷ் அளவு. எம்ஜிக்கும் முதலாளியா இருந்த மோரிஸ்காரர் 1923ல கவன்ட்ரியில இருந்த ஹாட்ச்கிஸ்ங்கற பிரெஞ்சுக் கம்பெனியோட எஞ்சின் ஃபேக்டரியை வாங்குனாரு, அங்க இருந்த மெஷினெல்லாம் மெட்ரிக் மறை போடற மெஷின், அதையே வச்சிக்கிட்டு இங்கிலாந்து மெக்கானிக் கையில இருக்கற ஸ்பேனருக்கு ஏத்த மாதிரி தலையை மட்டும் விட்வொர்த்தா அடிச்சாங்க. அதனால ஒரு செட் விட்வொர்த் ஸ்பேனர் வாங்கிடுங்க. அதுல எழுதியிருக்கற சைஸ் போல்ட்டோட தடிமன், ஸ்பேனர் வாயோட அகலம் இல்ல, மொத தடவ பாக்கறவங்க இதுல கொழம்புவாங்க. இன்னொண்ணு, அரை இன்ச் நட்டுக்கு 13 மில்லிமீட்டர் போட்டு சமாளிக்காதீங்க, அரை இன்ச்சுன்னா 12.7 தான், அந்த 0.3 தான் நட்டோட முனையைத் தின்னுடும்.

கேள்வி: ஐயா, நான் புதுக்கோட்டை. துவாஸ்ல வேலை பாக்கறேன். ஊர்ல அம்பாசடர் ஷெட்டுல பல வருஷம் வேலை செஞ்சவன். இங்க உள்ள பழைய கார்காரங்களுக்கு என் கைத்தொழில் உதவுமா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாமா? (பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்)

தம்பி, உங்க கடிதத்தைப் படிச்சதுலேர்ந்து எனக்கு இருப்பு கொள்ளல. அம்பாசடர்னா என்ன? மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் மூணாவது சீரிஸ், உத்தர்பாராவுல 2014 வரைக்கும் செஞ்சாங்க. நீங்க பிரிச்சுப் பிரிச்சு மாட்டின அந்த 1489 சிசி எஞ்சின் பிஎம்சிங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட பி-சீரிஸ். அதே குடும்பத்து எஞ்சின்தான் இங்க ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் வச்சிருக்கவங்க கிட்டயும், எம்ஜிஏ வச்சிருக்கவங்க கிட்டயும் இருக்கு. கார்ப்பரேட்டர், ஃபிட்டிங்குல வித்தியாசம் இருக்கும், ஆனா அந்த டைமிங் செயின் சத்தம், அந்த டேப்பெட் சத்தம் உங்க காதுக்குப் பழகினதுதானே. லண்டன்லேர்ந்து புத்தகம் வரவழைச்சுப் படிக்கறவங்களுக்கு நடுவுல, ஊர்ல தெனமும் அந்த எஞ்சினைத் தொட்ட ஒருத்தர் உக்காந்திருந்தா அது எவ்வளவு பெரிய பலம் தெரியுமா.

ஆனா ஒண்ணு, ஒர்க் பெர்மிட்ல இருக்கறவங்க சொந்த வேலையைத் தவிர வேற வேலை பாக்கக்கூடாது, அதனால காசு வாங்கிக்கிட்டு எதுவும் செய்யாதீங்க, யாரு ஆசை காட்டினாலும் வேண்டாம். வாங்க, பாருங்க, பேசுங்க, எங்க தப்புன்னு சொல்லுங்க. ஸ்பேனரை நீங்களே எடுக்கலாமாங்கறதை மனிதவள அமைச்சுக்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் தொடுங்க. உங்க அட்ரஸை எங்க ஆபீஸ் மூலமா ஒரு குரூப்புக்குக் குடுத்திருக்கேன், அவங்களே தேக்காவுல வந்து பாக்கறேன்னாங்க.

கேள்வி: மினிக்கு ஆயிலை ஏன் இவ்வளவு சீக்கிரம் மாத்தச் சொல்றீங்க? (செங்காங் வாசகி)

ஏன்னா தங்கச்சி, மினியில எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். 1956 சூயஸ் பிரச்சனையில பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, சின்ன கார் வேணும்னு டிசைனர் இஸிகோனிஸ் 1959ல கொண்டாந்த வண்டி அது, இடத்தை மிச்சம் புடிக்க எஞ்சினைக் குறுக்கே வச்சு கியர்பாக்ஸை அதுக்கு அடியில ஆயில் சம்ப்புக்குள்ளயே வச்சாரு. கியர் பல்லு தேயற தூளெல்லாம் எஞ்சின் பேரிங் வரைக்கும் போகக்கூடிய ஆயில்லதான் கலக்குது. ஆயில் எறக்கும்போது ட்ரெய்ன் பிளக்ல காந்தம் இருக்கும், அதுல ஒட்டியிருக்கறதை வெரல்ல தேச்சுப் பாருங்க, மசி மாதிரி வழவழன்னு இருந்தா கவலை இல்ல, நறநறன்னு துண்டா இருந்தா ஓட்டறதை நிறுத்துங்க. கியர்பாக்ஸைப் பாக்கணும்னா எஞ்சினோட சேத்துத்தான் தூக்கணும், அதனால அந்த ஒரு நாளுக்கு ஆள் பலத்தோட வாங்க.

கேள்வி: ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்கும்னு சொல்றாங்களே, ஹெட்டை உடனே மாத்தணுமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

உடனே வேண்டாம். சிங்கப்பூர்ல 1998லயே ஈயப் பெட்ரோல் நின்னு போச்சு, அதுக்கப்புறமும் இந்த வண்டியெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுல மெல்லிசா ஒரு படலமா நின்னு அடி தாங்கிக்கும், அது இல்லாதப்ப வால்வு கொஞ்சம் கொஞ்சமா சீட்டுக்குள்ள எறங்கும். ஆனா அது ரொம்ப தூரம், ரொம்ப வேகமா ஓட்டும்போதுதான் அதிகம். நம்ம அரசாங்கத்தோட கிளாசிக் வண்டித் திட்டத்துல 35 வருஷம் தாண்டின வண்டியை வருஷத்துக்கு 45 நாள்தான் எடுக்க முடியும், அதுல ஈஸ்ட் கோஸ்ட்டுக்கும் புக்கிட் தீமாவுக்கும் போயிட்டு வர்றதுக்கு வால்வு சீட் அவ்வளவு லேசுல போகாது. எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னா, மேல சொன்ன அந்த நோட்டைப் பாருங்க. எக்ஸாஸ்ட் வால்வு கேப் ஒவ்வொரு தடவையும் தானா கொறைஞ்சுக்கிட்டே வந்தா வால்வு எறங்குதுன்னு அர்த்தம், அப்ப ஹெட்டை மெஷின் ஷாப்ல குடுத்து கெட்டியான சீட் போட்டுக்கலாம். கேப் மாறாம இருந்தா தொடாதீங்க.

கேள்வி: நாங்க ஆறு பேர் சேந்து ஒரு எஞ்சினை ஓவராலிங் பண்றோம். யார் வண்டிக்கு மொதல்ல, செலவு யாருதுன்னு சண்டை வந்துடுச்சு. (ஜூரோங் வாசகர்)

பார்ட்ஸ் செலவு வண்டிக்காரருது, டூல்ஸ் செலவு எல்லாருக்கும் பொது, ஒரு வண்டி ஓடற வரைக்கும் அடுத்ததைப் பிரிக்கக்கூடாது. ஒரே நேரத்துல ரெண்டு எஞ்சின் பிரிஞ்சு கெடந்தா ரெண்டும் மூடாது, நட்பும் மிஞ்சாது.

கேள்வி: நான் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) மாணவி. 2040க்குள்ள எல்லா வண்டியும் சுத்தமான எரிசக்திக்கு மாறணும்னு சிங்கப்பூர் திட்டம் வச்சிருக்கு. இந்த நேரத்துல கார்ப்பரேட்டர், கியர்பாக்ஸ் கத்துக்கறது வீணா? அப்புறம் இந்த குரூப்கள்ல பொண்ணுங்களைச் சேத்துக்குவாங்களா? (அங் மோ கியோ வாசகி)

வாம்மா, தாராளமா வா. பொண்ணு பையன்னு பாக்கற குரூப்பா இருந்தா அந்த குரூப்பே வேண்டாம், வேற குரூப் இருக்கு. சின்க்ரோ ரிங்குக்கும் கியருக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் வச்சு இடைவெளி பாக்கத் தெரிஞ்ச கை, டார்க் ரென்ச் எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச கை, எலக்ட்ரிக் வண்டியில மோட்டார் பேரிங்கைப் பாக்கும்போதும் அதே கைதான்.

அதை விட அவசரமான காரணம் ஒண்ணு சொல்றேன். இந்த ஊர்லயே ஒரு காலத்துல கார் செஞ்சாங்கம்மா. புக்கிட் தீமாவுல ஃபோர்ட் ஃபேக்டரி 1941ல தொறந்துச்சு, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ்காரங்க ஜப்பான்காரங்ககிட்ட சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டது அங்கதான், இன்னிக்கு அது மியூசியம், எல்லாரும் அந்தக் கையெழுத்தைத்தான் பாக்கப் போறாங்க, ஆனா போர் முடிஞ்சதுக்கப்புறம் அங்க மறுபடியும் பார்ட்ஸைச் சேத்துக் கார் பூட்டுனாங்க. ஹில்வியூ பக்கம் சைக்கிள் அண்ட் கேரியேஜ் 1965லேர்ந்து மெர்சிடிஸ் பூட்டுனாங்க. 1980ல எல்லாம் நின்னு போச்சு. அன்னைக்கு அந்த லைன்ல இருவது வயசுல நின்னவங்களுக்கு இப்ப அறுவத்தஞ்சு தாண்டியாச்சு. காதை வச்சுக் கேட்டே "ரெண்டாவது சிலிண்டர் பேரிங்"னு சொல்லக்கூடிய ஆளுங்க அவங்க, அதை எந்தப் புத்தகத்துலயும் எழுதல. அவங்க இருக்கும்போதே பக்கத்துல போய் நின்னு கத்துக்க. மலேசிய சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரெஜிஸ்டர்னு ஒரு சங்கம் ரொம்ப காலமா இருக்கு, அங்க விசாரிச்சுப் பாரு. மூடின ஷூ போட்டுக்கிட்டு, முடியை இழுத்துக் கட்டிக்கிட்டு, மோதிரம் கைக்கடிகாரம் எல்லாம் வீட்டுல வச்சிட்டுப் போ.

கேள்வி: புளோக்குக்குக் கீழ கார் பார்க்கிலேயே கிளட்ச் மாத்தலாமா? (பொங்கோல் வாசகர்)

கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் பார்க்கில ரிப்பேர் வேலைக்கு அனுமதி இல்ல, அண்டை வீட்டுக்காரர் புகார் குடுத்தா அவர் மேல தப்பும் இல்ல. காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிஞ்ச ஒர்க்ஷாப்காரர்கிட்ட ஞாயித்துக்கிழமை ஒரு இடம் கேளுங்க, வாடகை குடுத்தாலும் லிஃப்ட் இருக்கும், வெளிச்சம் இருக்கும். பழைய கிளட்ச் பிளேட்டுலயும் பிரேக் லைனிங்லயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூசியை ஏர் கன் வச்சு ஊதாதீங்க, ஈரத் துணியால தொடச்சு, துணியைப் பையில போட்டு இறுகக் கட்டிடுங்க, நல்ல மாஸ்க் போட்டுக்குங்க. எறக்கின ஆயிலை சாக்கடையில ஊத்தாம அந்த ஒர்க்ஷாப் டிரம்முலயே ஊத்திடுங்க, அதை எடுத்துட்டுப் போக லைசென்ஸ் வாங்கின ஆளுங்க அவங்களுக்கு வருவாங்க.